சிவப்பு பிளக் பாயிண்ட்

பிப்ரவரி 25

இவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. கூடவே ஒரு மெஷினும் வந்திருக்கிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்குமாம். பழைய வாஷிங் மெஷின் போல ஒரு சத்தம். அதிலிருந்து கிளம்புகிற குழாய் இவர் மூக்கில் வந்து முடிகிறது. இரவு பகல் எந்நேரமும் ஓட வேண்டும். நுரையீரல் நார் நாராகிவிட்டது, இனி மருந்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னால் இவருக்குத் தெரியாதா? கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

காரில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் பேசினார். "செலின், திரும்ப அந்த ஐ.சி.யூ.வுக்கு மட்டும் கொண்டுபோயிடாத." குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அங்கே இவர் கையைக் கட்டி வைத்திருந்தார்கள். சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். சாகிற வரைக்கும் பி.டி. டீச்சர் பி.டி. டீச்சர்தான், ஸ்கோர் எழுதுவது எனக்குப் பழக்கம். மிச்ச இடம் வீணாகாமல் மற்றதையும் எழுதுகிறேன். காலை 91. மாலை 89.

மார்ச் 4

மத்தியானம் கரன்ட் போயிற்று. மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி வயிறு ஊதி எப்போதோ செத்துவிட்டது. நல்லவேளை, ஹாலில் வாடகை சிலிண்டர் நிற்கிறது. குழாயை அதில் மாட்டுகிற அவசரத்தில் திருகு சாவியைக் காலில் போட்டுக்கொண்டேன்.

சிலிண்டருக்கு இவர் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். ஆள் உயரம், கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. நடு ஹாலில் நின்றுகொண்டு எல்லோரையும் ஒதுங்கிப் போக வைக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடைசியில் மாப்பிள்ளை மட்டும் வந்திருக்கிறார்.

மார்ச் 9

ரேஷன் கடைக்குப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த தெரு அபார்ட்மெண்ட் மாடியில் வரிசையாகச் சோலார் தகடுகள். கே.கே. நகரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? எங்கள் தெருவில் கரன்ட் போவதெல்லாம் உச்சி வெயிலில்தான், ராத்திரியில் போவதே இல்லை. நம் மாடியிலும் போட்டுவிட்டால் மெஷின் நிற்காதே! நானே அசோசியேஷன் செகரட்டரியாக இருந்துகொண்டு இதை யோசிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன்.

"பேட்டரியோடவா, பேட்டரி இல்லாமலா?"

"எனக்கென்னங்க தெரியும்? சோலார்னா சோலார்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நீளமாகப் பேசினால் மூச்சு வாங்குகிறது. காலை 90. மாலை 88.

மார்ச் 13

குளிப்பாட்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. குழாய் நீளம் போதாமல் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டுக் குளிப்பாட்டுகிறேன். ஹாலெல்லாம் தண்ணீர். துடைத்தேன்.

இன்றைக்கு மறுபடியும் பக்கிரிசாமி கதை. மின்வாரியத்தில் இவரோடு லைன்மேனாக இருந்தவர். லைனை ஆஃப் செய்துவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினாராம். கல்யாண மண்டபத்துக்காரன் ஒருவன் ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டியிருந்தான். அதிலிருந்து கரன்ட் திரும்பி லைனுக்கு ஏறி, ஆள் மேலேயே கருகிப்போனார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது இவர். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கதை. எனக்கு மனப்பாடம். ஆனாலும் சொல்லவிட்டேன், சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் ரத்தம் வருகிறது.

மார்ச் 19

ஞாயிறு. அசோசியேஷன் மீட்டிங். பிரசிடெண்ட் ராஜகோபாலன் சாருக்கு ஆரம்பத்திலேயே சம்மதம். லிஃப்ட் கிடையாது, இருந்தாலும் தண்ணி மோட்டாருக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் பொதுமீட்டர் பில் எகிறுகிறது என்று அவர் கவலை. பேட்டரி வைத்தால் செலவு இரண்டு மடங்கு, அது வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். பகல் வெயிலுக்கு பேட்டரி எதற்கு?

முட்டுக்கட்டை போட்டது இரண்டாம் மாடி குமுதவல்லிதான். "மாடி முழுக்க அடைச்சிட்டா நா எங்க வத்தல் போடுறது? இந்த ஃபிளாட்டுக்கே மோர்மொளகா போட்டுக் குடுக்குறது யாரு?"

எனக்கு வந்ததே கோபம். "ஒங்க வத்தலுக்கு வெயில் வேணும். எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வேணும்."

குமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "அத மொதல்லயே சொல்லக் கூடாதா டீச்சர்? நா என்ன மனுஷி இல்லையா?"

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தகடுகளை உயரமான இரும்புச் சட்டத்தில் மாட்டுவது, கீழே குனியாமல் துணி காயப்போடலாம், வெயில் விழுகிற ஓரத்தில் வத்தல் போடலாம். பொது லைனிலிருந்து எங்கள் வீட்டு ஹாலுக்கு ஒரு தனி வயர், அதில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், மெஷினுக்கு மட்டும். இது ராஜகோபாலன் சார் யோசனை. ஒருத்தர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிப்ரவரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் சந்தோஷத்தில் அழுகிறேன்.

ஏப்ரல் 3

சோலார் கம்பெனி இன்ஜினியர் வந்தார். நிவேதன் என்று பெயர். சின்ன வயசு, பணிவு. மாடியை அளந்துவிட்டு, வயர் எந்த வழியாக இறங்கும் என்று பார்க்க எங்கள் வீட்டுக்குள் வந்தார். நான் மாடிக் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் இவரும் அவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"என்னங்க ரகசியம்?"

"ஒண்ணுமில்ல. தம்பிக்கு பக்கிரிசாமி கதைய சொன்னேன்."

பாவம் அந்தப் பையன் முகம் வாடியிருந்தது. வந்தவர்களையெல்லாம் இப்படிப் பயமுறுத்த வேண்டுமா? காலை 88. மாலை 87.

ஏப்ரல் 9

ஈஸ்டர். கோயிலுக்குப் போகவில்லை. டி.வி.யில் பூசை பார்த்தோம். ஆட்டுக்கறி செய்தேன், இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஏப்ரல் 17

மாடியில் வெல்டிங். நாள் முழுக்க நான் அங்கேதான். கிரவுண்டில் பிள்ளைகளை ஓடவிட்ட மாதிரி வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தேன். கீழே வந்தபோது இவர் என்னையே பார்த்துச் சிரித்தார்.

"விசில் ஒண்ணுதான் கொறச்சல் ஒனக்கு."

"அதுவும் பீரோல இருக்கு. எடுத்துட்டு வரவா?"

"இப்டி ஒன்னப் பாத்து எவ்ளோ நாளாச்சு" என்றார். பிறகு இருமல். அதிக நேரம் இருமினார்.

ஏப்ரல் 28

முடிந்துவிட்டது! தகடுகள் மேலே பளபளக்கின்றன. ஹால் சுவரில் சிவப்பு நிறத்தில் பிளக் பாயிண்ட். மற்றதோடு குழம்பக் கூடாது என்று சிவப்பு நான்தான் கேட்டு வாங்கினேன்.

சோதனை செய்து பார்க்க ஃபிளாட்டே எங்கள் ஹாலில் கூடிவிட்டது. மெஷினைச் சிவப்பு பிளக்கில் மாட்டினோம். எங்கள் வீட்டு மெயினை ஆஃப் செய்ய வேண்டும். நான் செய்கிறேன் என்று இவரே குழாயோடு நடந்து போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. டி.வி. நின்றது. மெஷின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். குமுதவல்லி ஓடிப் போய் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். நிவேதன் மட்டும் வேறு இடத்தில் அவசர வேலை என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். கேசரி சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "இனிமே கரன்ட் போனாலும் பயமில்ல, இல்லங்க?"

"சூரியன் எங்க போகப் போகுது" என்றார்.

மே 2

கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிற மரிய ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கேயும் கிடைக்கவில்லையாம். ஃபோனில் அழுதாள். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், இவர் கேட்டுவிட்டார்.

"நம்ம மாப்பிள்ளைய அனுப்பி வை."

"அதெப்படிங்க? நமக்கு?"

"அதான் செவப்பு பிளக் இருக்கே. அதுக்காகத்தான இவ்ளோ பாடுபட்ட?"

"ராத்திரில போச்சுன்னா?"

"நம்ம தெருவுல ராத்திரி எப்ப கரன்ட் போயிருக்கு?"

எனக்கு மனசே இல்லை. சின்ன சிலிண்டர் ஒன்று அடுத்த மாதம் வரும் என்று கடைக்காரர் சொன்னதால் சம்மதித்தேன். சாயந்திரம் இரண்டு பேர் வந்து உருட்டிக்கொண்டு போனார்கள். இவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு வேன் கிளம்பும் வரை பார்த்தார். ஹால் இப்போது காலியாக, அகலமாக இருக்கிறது. காலை 87. மாலை 85.

மே 5

முதல் வெள்ளி. இன்னாசி ஃபாதர் நன்மை அப்பம் கொடுக்க வீட்டுக்கு வந்தார். பாவங்களைத் தனியாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று இவர் என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். நாற்காலியை விட்டு எழ முடியாத மனுஷன் என்ன பாவம் செய்திருப்பார்? பாலைக் காய்ச்சிக்கொண்டே சிரித்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. பால் ஆடை கட்டிவிட்டது. வெளியே வந்த ஃபாதர் காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் தலையில் கை வைத்து ஜெபித்தார். எனக்கெதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மே 9

காலை 86.

மே 19

பத்து நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன், பிறகு எழுத முடியாது.

ஒன்பதாம் தேதி முற்பகல். அக்னி நட்சத்திரம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் பட்டாசு போல வெடித்தது. ஃபேன் நின்றது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மெஷின் கத்தியது.

பிளக் லூசாகிவிட்டது என்று நினைத்தேன். பிடுங்கி மறுபடியும் சொருகினேன். சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு பிளக்கைக் கையால் குத்தினேன். ஒன்றுமில்லை. மாடிக்கு ஓடினேன். வெயில் தகதகவென்று அடிக்கிறது. தகடுகளில் நிழல் இல்லை, தூசி இல்லை. ஒரு தகட்டைத் தொட்டேன், கை சுட்டது. இவ்வளவு வெயில் இருக்கிறது, கரன்ட் இல்லை. என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

கீழே வந்து பீரோவிலிருந்து விசிலை எடுத்துப் படிக்கட்டில் நின்று ஊதினேன். அத்தனை கதவும் திறந்தது. ராஜகோபாலன் சார் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குமுதவல்லி ஈரக்கையோடு ஓடிவந்து இவர் நெஞ்சைத் தடவினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். உதடு நீலமாகிவிட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "வேணாம் செலின்" என்றார். பேசாம இருங்க என்று அதட்டினேன். இவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆம்புலன்ஸ் தலைமை தபால் நிலையம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகவில்லை. அந்த ஒரு வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது, நான் காப்பாற்றவில்லை.

இன்னொன்று. மெஷின் நின்றபோது இவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

மே 27

மெஷினை விற்ற கடையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

ஜூன் 11

மீட்டிங். பொதுமீட்டர் பில் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். மாடிக் கதவில் இவர் பெயரில் "சவரிமுத்து நினைவு சோலார்" என்று போர்டு வைக்கலாமா என்று ராஜகோபாலன் சார் கேட்டார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். போர்டு வைத்தால் உடைத்துப் போடுவேன் என்றேன். குமுதவல்லி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

ஜூன் 14

நிவேதன் வந்தார். நான்தான் வரச் சொன்னேன். கேட்க வேண்டியதைத் திட்டாமல் கேட்க வேண்டும் என்று ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் திட்டினேன். கொலைகாரா என்றேன்.

பையன் அழுதுவிட்டான். "மேடம், இது பேட்டரி இல்லாத சிஸ்டம். வெளிய லைன்ல கரன்ட் நின்னா இதுவும் தானா நின்னுடும். நிக்கணும். இல்லன்னா இங்கேர்ந்து கரன்ட் திரும்பி லைனுக்குப் போயி, கம்பத்துல ஏறுறவங்க செத்துருவாங்க."

"அப்ப அந்தச் செவப்பு பிளக் எதுக்குடா?"

"ஒங்க வீட்டு ஃபேஸ் மட்டும் போச்சுன்னா, பொது லைன்லேர்ந்து ஓடுமில்ல, அதுக்குன்னு ஒங்க வீட்டு சார் சொன்னாரு. அன்னிக்கி அளக்க வந்தப்பவே சார்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன் மேடம். சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரே, 'தெரியும் தம்பி, நா ஈ.பி. ஆளு, அது அப்டித்தான் இருக்கணும்'னாரு. 'அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்'னாரு. சிலிண்டர எப்பவும் பக்கத்துலயே வச்சுக்கங்க சார்னேன். சரின்னாரு."

குமுதவல்லி அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். மெயினை இறக்கியது, எல்லோரும் கைதட்டியது, கேசரி எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு மெயினை மட்டும் அணைத்தால் தெருவில் கரன்ட் இருக்கிறது, பொது லைனில் கரன்ட் இருக்கிறது. எப்படி ஓடாமல் இருக்கும்? ஏழாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஹால் நிறைய ஆட்கள் இருந்தோம், எங்களில் ஒருத்தருக்குத்தான் புரிந்திருக்கிறது. அவர்தான் சுவிட்சை இறக்கினார்.

ஜூன் 16

ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு இவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்கக் கூடாது, தெரியும், கேட்டேன். ஃபாதர் நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். "செலினம்மா, நான் சொல்ல முடியாது. ஆனா அவரு சமாதானமா இருந்தாரு." உங்கள் சமாதானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜூன் 24

மரிய ஸ்டெல்லா வந்தாள். அன்றைக்குக் கோயிலில் இருந்ததால் ஃபோனை எடுக்கவில்லை என்று காலில் விழப் போனாள். அவள் அம்மா இப்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அப்படியே எழுதிவிடுகிறேன், பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூலை 7

முதல் வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை.

உச்சி வெயிலில் கரன்ட் போயிற்று. ஓடிப் போய்ச் சிவப்பு பிளக்கில் டேபிள் லேம்பைச் சொருகிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. எரியவில்லை.

பால்கனிக்கு வந்தால் எதிர்க்கம்பத்தில் ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் கயிறு, பின்பாக்கெட்டில் கட்டிங் பிளேயர். கீழே இன்னொருத்தர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே இருப்பவன் வெறுங்கையால் கம்பியைத் தொட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் மாடியில் அத்தனை தகடும் வெயிலில் பளபளக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வேலை பார்த்தான்.

நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அம்மா, லைன் குடுக்கச் சொல்லப்போறேன். வந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கத்திவிட்டு இறங்க ஆரம்பித்தான். நான் உள்ளே போகவில்லை. அவன் கால் தரையில் படும்வரை பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். இவர் இங்கே இருந்திருந்தால் இப்படித்தான் நின்றிருப்பார்.

கொஞ்ச நேரத்தில் லேம்ப் எரிந்தது. "வந்துருச்சுப்பா" என்றேன். கை காட்டிவிட்டுப் போனான்.

லேம்பை அணைக்காமல் இவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். இது கரன்ட் போனால் ஓடாது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் சிலிண்டரைக் கொடுத்திருக்க மாட்டேன். மாப்பிள்ளை நின்றிருப்பார், ஒன்றிரண்டு மாதம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன், பிறகு மறுபடியும் கையைக் கட்டிப் போடுகிற அந்த அறைக்கே கொண்டுபோயிருப்பேன். வாக்குக் கொடுத்திருந்தாலும் கொண்டுபோயிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். அந்தச் சுவிட்சை என் கண் முன்னால் இறக்கினீர்கள், எல்லோரும் கைதட்டும்போது நானும் சேர்ந்து கைதட்டினேனே, அதை நான் என்ன செய்வது?